இன்னும் கொஞ்சம் மன்னிப்பு

எடை போடுவதற்கு முன்னால் செல்லப்பா ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு மூன்று முறை உதறுவார். நோட்டுப் புத்தகமானால் விளிம்பில் கட்டை விரலை வைத்துச் சரசரவென்று ஓட்டிப் பார்ப்பார். செய்தித்தாள் கட்டானால் பிரித்து, ஒவ்வொரு நாளையும் தனித்தனியே விரித்து, மடித்து, மறுபடி அடுக்குவார். பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய காரியம் முக்கால் மணி நேரம் ஆகும். வெயிலில் நிற்கும் வீட்டுக்காரிகள் பொறுமை இழந்து, "மதி அண்ணாச்சி, அதிலொன்னுமில்லா, வேகம் தூக்கு" என்பார்கள், போதும், சீக்கிரம் எடை போடு என்று. செல்லப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "இருக்கட்டும் சேச்சி, ஒரு மினிட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தின் முதுகைப் பிடிப்பார்.

உதறினால் என்னென்னவோ விழும். மின்சார பில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, குருவாயூர்ச் சந்தனப் பொட்டலம், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து வீட்டுக்காரியே மறந்துபோன ஐந்நூறு ரூபாய் நோட்டு. அது செல்லாமல் போன பழைய நோட்டு என்பதால் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே சிரித்தார்கள். ஒரு தடவை சுள்ளிக்கல்லில் ஒரு காதல் கடிதம் விழுந்தது. வீட்டின் பெரியவர் "எந்தாது?" என்று கழுத்தை நீட்டுவதற்குள் செல்லப்பா அதை அந்த வீட்டு மருமகளின் கையில் மடித்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது என்று ஒரு பொய்யும் சொல்லிவைத்தார்.

"செல்லப்பன் அண்ணாச்சியெ போலொரு சத்யசந்தனெ கிட்டில்லா" என்று அந்த ஐந்நூறு ரூபாய் வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரியிடம் மதிலுக்கு மேலாகச் சொன்னார். இவ்வளவு நேர்மையான ஆள் வேறு கிடைக்கமாட்டான் என்று அர்த்தம். வேறொருவனாக இருந்தால் நிமிர்ந்து நின்று ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பான். செல்லப்பா குனிந்து சணல் கயிற்றைத் தேடினார். கயிறு அவர் தோளில்தான் கிடந்தது.

வயது ஐம்பத்தெட்டு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபதாவது வயதில் மட்டாஞ்சேரிப் பக்கம் வந்தவர். பள்ளுருத்தியில் வாடகை வீடு, வீட்டில் மனைவி மாடத்தி. காலை ஏழரைக்குத் தள்ளுவண்டியோடு புறப்பட்டு, சுள்ளிக்கல், பனையப்பள்ளி, செர்லாய் என்று மட்டாஞ்சேரியை ஒரு சுற்றுச் சுற்றி, மாலையில் யூசுப்பின் ஆக்ரிக்கடையில் வண்டியைக் காலி செய்தால் அன்றைய நாள் முடிந்தது. ஆக்ரி என்றால் பழைய பேப்பர், இரும்பு, குப்பி, உடைந்த வாளி, மொத்தத்தில் யாருக்கும் வேண்டாதது எல்லாம். அதை வாங்குகிறவர் ஆக்ரிக்காரன். பிரியமாக இருந்தால் அண்ணாச்சி. எரிச்சலாக இருந்தால் பாண்டி, தமிழனுக்கு வைத்த இளக்காரப் பெயர். அதற்கும் மேலே போனால் பாட்டப்பெறுக்கி, அதாவது தகர டப்பா பொறுக்குகிறவன். எல்லாவற்றுக்கும் செல்லப்பா திரும்பிப் பார்ப்பார். "எப்பிடிக் கூப்பிட்டா என்ன, கூப்பிட்டாத்தான வண்டி நிறையும்" என்பது அவர் கட்சி.

மலையாளத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவரல்ல, பழைய பேப்பரில் படித்தவர். முதலில் சினிமா விளம்பரத்தை எழுத்துக் கூட்டினார், பிறகு விபத்துச் செய்தி, இப்போது தலையங்கம்வரை வந்துவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்து ஹோட்டலிலும் கட்டிட வேலையிலும் கிடக்கிறவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கரண்ட் பில்லையும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். மலையாளிகளிடம் தான் பேசுவது மலையாளம் என்று அவர் நினைக்கிறார். தமிழர்களிடம் பேசுவது தமிழ் என்றும் நினைக்கிறார். இரண்டு தரப்பும் பெரிய மனசு பண்ணி அதை ஒத்துக்கொண்டிருக்கிறது.

இத்தனை தெரு சுற்றுகிறவர் அமராவதிப் பக்கம் ஒரு சந்துக்குள் மட்டும் போகமாட்டார். கேட்டால், "அங்க நாய் சாஸ்தி" என்பார். அந்தச் சந்தில் நாய் இருந்ததாக அங்கே குடியிருக்கும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

புதிய பிரதமர் பதவியேற்று முதல் தடவையாக நாட்டு மக்களிடம் பேசிய அன்று செல்லப்பா கப்பலண்டிமுக்கில் ஒரு சாயாக்கடையில் இருந்தார். டிவியில் ஹிந்தி அடங்கிக் கேட்க, அதன் மேலே ஒரு மலையாளக் குரல் உடனுக்குடன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. கடையில் யாரும் உற்றுக் கேட்கவில்லை. பழம்பொரி பொரிந்துகொண்டிருந்தது, இரண்டு பேர் மீன் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லப்பாவும் அரசியல்வாதிகள்மேல் ஆசை வைக்கிறவரல்ல. எந்தத் தலைவர் படம் போட்ட பேப்பரானாலும் அவர் தராசில் ஒரே விலைதான்.

"சொந்தம் நாடு விட்டு தூரெ போயி பணியெடுக்குன்னவர்" என்றது மலையாளக் குரல். "சுமடெடுக்குன்னவர், கெட்டிடம் பணியுன்னவர், பாழ்வஸ்துக்கள் சேகரிக்குன்னவர்…"

செல்லப்பாவின் கையில் சாயா கிளாஸ் அப்படியே நின்றது.

ஊரை விட்டு வந்து சுமை தூக்குகிறவர், கட்டிடம் கட்டுகிறவர், கூடவே பாழ்வஸ்துக்கள், அதாவது வீணான பொருட்கள், சேகரிக்கிறவர். ஆக்ரிக்காரன் இல்லை, பாட்டப்பெறுக்கி இல்லை. அந்த வேலைக்கு இப்படி ஒரு மரியாதையான பெயர் இருப்பது முப்பத்தெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவருக்கே அன்றுதான் தெரிந்தது. டெல்லியில் இருக்கிற ஒருவர், இத்தனை கோடி ஜனங்களுக்கு நடுவே, தள்ளுவண்டிக்காரனை நினைத்து ஒரு வார்த்தை சொல்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு அந்தக் குரல், "நிங்ஙளுடெ கஷ்டப்பாடு எனிக்கறியாம். நிங்ஙள் குறச்சுகூடி க்ஷமிக்கணம்" என்றது.

முதலில் சொன்னதற்கு உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும் என்று அர்த்தம், அதில் சந்தேகமில்லை. அடுத்து வந்த 'க்ஷமிக்கணம்' என்ற சொல்லும் செல்லப்பாவுக்குப் பழக்கமானதுதான். வண்டியில் பைக்கை இடித்துவிட்டுப் போகிறவன் "க்ஷமிக்கணம் சேட்டா" என்பான். பாங்கில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கவுண்டர் பெண் "க்ஷமிக்கணம்" என்பாள். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். நாட்டின் தலைவர், தொலைக்காட்சியில், எல்லோர் முன்னாலும், செல்லப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். செல்லப்பாவின் கண்ணீர் சாயாவில் விழுந்தது. மீன் சண்டைக்காரர்கள் சண்டையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கேட்டைத் தட்டி, "பாழ்வஸ்து சேகரிக்குன்ன ஆளு வந்நிட்டுண்டு" என்று குரல் கொடுத்தார். வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பள்ளுருத்தியில் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பேச்சு முழுவதையும் தமிழில் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது பிரதமர் கைகூப்பினார். ஐந்தாவது தடவை அவர் கண்ணே கலங்கிவிட்டது.

"தப்புன்னு ஒத்துக்கிட்ட ஆளு திருத்தாம விடுவாரா? எத்தன பேரு ஆண்டாவ, ஒருத்தராவது இப்பிடிக் கேட்டிருப்பாவளா? இனிமே பாருங்க, நமக்கும் ரேசன் கார்டு, வீடு, எல்லாம் ஒண்ணொண்ணா வரும்" என்றார். அவர்களும் நம்பினார்கள். மலையாளம் படித்தவர் சொல்கிறார், நம்பாமல் என்ன செய்வார்கள்? ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற பொன்மணி அன்று ஊருக்குப் போன் செய்து தன் அம்மாவிடமும் சொன்னாள்.

யூசுப் மட்டும், "அது அவிடெ இரிக்கட்டெ அண்ணாச்சி, இப்போ அந்தப் பித்தளெயெ இரும்பிலிருந்து வேறெயாக்கு" என்றான். செல்லப்பாவுக்கு அவன்மேல் கொஞ்சம் வருத்தம்.

பேச்சு வெளியான நாளின் செய்தித்தாள் ஒரு வீட்டிலிருந்து வந்தது. 'க்ஷமிக்கணம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே பிரதமரின் படம். தலைப்போடு படத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கத்தரித்தார். அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படிக்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கத்தரித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார்.

"ஏளா, பாத்தியா? முப்பத்தெட்டு வருசத்துல எடைக்குப் போடாம நான் எடுத்து வச்ச மொத பேப்பர் இதாக்கும்" என்றார்.

மாடத்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மொத பேப்பரா?" என்றாள்.

செல்லப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒட்டிய படத்தின் ஓரத்தை மறுபடி மறுபடி நீவினார்.

"அம்மாம் பெரிய ஆளே கேட்டாச்சுன்னு ஒரு வாரமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதிய. நீங்க எப்பம் கேக்கப் போறிய?" என்றாள் மாடத்தி. குரலை உயர்த்தவில்லை. களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த தண்ணீர் பிடித்தாள்.

அவர் எடுத்து வைத்த முதல் பேப்பர் வேறு, அது கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியில், மாடத்தியின் கல்யாணப் புடவைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில் எட்டு வருஷமாக இருக்கிறது. தன்யா என்ற பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். புத்தகம் போல இருந்த காலம் போய் ஒற்றைத் தாளாகிவிட்ட பிறகும் இங்கே எல்லோரும் அதை எஸ்.எஸ்.எல்.சி. புக் என்றுதான் சொல்வார்கள். அமராவதிச் சந்தில் குடியிருக்கும் காமாக்ஷி டீச்சரின் மகள் தன்யா. அவளுக்கு ஒரு பாங்கில் வேலை கிடைத்து, அசல் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. முந்தின நாள் செல்லப்பா அங்கே ஒரு கட்டுப் பேப்பர் எடுத்திருந்தார். தெருவே கூடி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. "பாண்டிக்காரனை நம்பி வீட்டுக்குள்ளே விட்டா இங்ஙனெத்தன்னெ" என்று ஒருவர் சொன்னார். செல்லப்பா கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். "எங்க முப்பிடாதி அம்மன் மேல சத்தியமா என் கட்டுல இல்ல" என்று தலையில் கை வைத்துச் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவர் சொன்னது பொய்யல்ல, அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

இரண்டு நாள் கழித்து யூசுப்பின் கடையில் கட்டைப் பிரித்தபோது, சுருட்டி வைத்த ஒரு பழைய காலண்டருக்குள்ளிருந்து அது வந்தது.

உடனே கொண்டுபோயிருக்கலாம். அதற்குள் அம்மன் மேல் சத்தியம் செய்தாகிவிட்டது. இப்போது கொண்டுபோனால் திருடன் பயந்து திருப்பிக் கொடுத்தான் என்பார்கள், போலீசுக்குப் போவார்கள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார். பாங்கு சொன்ன கெடு முடிந்து தன்யாவுக்கு வேலை போய்விட்டது என்று சந்து முனையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்ட அன்று, இனி கொடுத்துத்தான் என்ன என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து அந்தச் சந்தில் நாய். அன்றிலிருந்து எந்த வீட்டுப் புத்தகமும் மூன்று உதறலுக்குத் தப்பியதில்லை.

மாடத்தியின் கேள்வி அவரோடு தெருத்தெருவாகச் சுற்றியது. சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவராலேயே முடிந்ததென்றால் நமக்கு என்ன வந்தது என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில்தான் எட்டு வருஷத்துக்குப் பிறகு வண்டியை அமராவதிச் சந்துக்குள் திருப்பினார்.

காமாக்ஷி டீச்சர் வாசலில் பழைய புடவையை விரித்து, தயிரில் ஊறிய மிளகாயைக் கொண்டாட்டத்துக்கு, அதாவது மோர்மிளகாய்க்கு, காயவைத்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. பாலக்காட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பத்தோரு வருஷம் ஹிந்தி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் கணவர் வெங்கிடராமன் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யாராக்கும் அது? செல்லப்பாவா? நீ ஊருக்கே போய்ட்டேன்னு நெனைச்சுண்டிருந்தேன். எத்தனை வருஷமாச்சு!"

"எட்டு வருசம் டீச்சரம்மா."

"எட்டா? ஓர்மையெல்லாம் வெச்சிண்டிருக்கியே!"

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் சான்றிதழில் ஆரம்பிப்பது. அதை விட்டுவிட்டு, எல்லோரிடமும் ஆரம்பித்த இடத்திலேயே ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, புதுத் தலைவரு பேசுனதக் கேட்டியளா?"

"முழுக்கக் கேட்டேனே. நன்னாத்தான் பேசினார்."

"அம்மாம் பெரிய மனுசன் நம்மகிட்ட மன்னிப்பு கேட்டாரு பாத்தியளா. அதக் கேட்டதுலேருந்து எனக்கு இருப்புக்கொள்ளல. அவரே கேக்கும்போது நம்மெல்லாம்…"

"மன்னிப்பா? எப்போ கேட்டார்?"

"'க்ஷமிக்கணம்'னு சொன்னாருல்லா."

டீச்சர் ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டார். "அட, அதுவா? நான் ஹிந்தியிலயேதான் கேட்டேன் செல்லப்பா. 'தோடா ஔர் தீரஜ் ரக்கியே'ன்னார். இன்னும் கொஞ்சம் பொறுமையா இருங்கோன்னாக்கும் அர்த்தம். மலையாளத்துல க்ஷமிக்கறதுன்னா மன்னிக்கறதும்தான், பொறுத்துக்கறதும்தான். டிவிக்காரன் எப்படிச் சொன்னான், க்ஷமிக்கணம்னு மட்டுமா?"

"குறச்சுகூடி க்ஷமிக்கணம்னு…"

"பின்னே? இன்னும் கொஞ்சம் மன்னியுங்கோன்னு யாராவது கேப்பாளா?" என்று டீச்சர் சிரித்துவிட்டார். அதில் விஷமம் எதுவும் இல்லை. வகுப்பில் ஒரு நல்ல பையன் தப்பாக எழுதியதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான்.

செல்லப்பாவுக்குக் காது இரண்டும் சுட்டது. குறச்சுகூடி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? தினம் சாயாக்கடையில் "பஞ்சார குறச்சுகூடி" என்று சர்க்கரை கேட்கிற வாய்தானே? அன்றைக்கே அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. அது இருந்தால் மன்னிப்பு சரியாக உட்காரவில்லை என்று அன்றைக்கே உள்ளே எங்கோ தெரிந்தது. மன்னிப்பு வேண்டும் என்ற ஆசையில் அதை எடுத்துத் தள்ளிவைத்துவிட்டார். பொடி எழுத்தைப் படிக்காததும் கண்ணாடி இல்லாததால் அல்ல. ஒரு வாரமாகத் தெருத்தெருவாகச் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பாழ்வஸ்து சேகரிக்கிறவர் என்று கேட்டைத் தட்டியது, அந்தச் சிரிப்புகள், மலையாளம் படித்தவர் என்று நம்பியவர்களின் முகங்கள், ஊரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட பொன்மணியின் அம்மா. பூமி பிளந்தால் வண்டியோடு உள்ளே போயிருப்பார். பிரதமர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுஷர் கேட்டது வேறு, இவர் கேட்டுக்கொண்டது வேறு.

இனி இங்கே நிற்க என்ன இருக்கிறது? தலைவர் கேட்கவில்லை என்றால் செல்லப்பா மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அதற்காக வேறு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டது.

"அப்பம் வாரேன் டீச்சரம்மா."

"இரு, பேப்பர் கொஞ்சம் இருக்கு, எடுத்துண்டு போ. நீ வந்தாச்சுன்னா வேற யாருக்கும் குடுக்க மாட்டேன் நான். உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர். "அன்னிக்குத் தன்யாவோட எஸ்.எஸ்.எல்.சி. புக் போனப்போ தெருவே உன்னைச் சொல்லித்து. நான் ஒத்துக்கவே இல்லையாக்கும். செல்லப்பா சாமி மேல சத்தியம் பண்ணினா அது சத்தியம்தான்னேன். எங்காத்துக்காரர்தான் போட்டோஸ்டாட் எடுக்கப் போன எடத்துல தொலைச்சிருக்கார். இன்னிவரைக்கும் இல்லைன்னே சாதிக்கறார், பாத்துக்கோ. தன்யா அவரோட முகம் கொடுத்துப் பேசி எட்டு வருஷமாச்சு. நானும் அன்னிக்கு அவரை என்னென்னமோ சொல்லிட்டேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செய்தித்தாளின் ஒரு பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

வேலை போனது செல்லப்பாவுக்குத் தெரியும். அதை எட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார். இந்த வீட்டுக்குள் ஒருவர் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. தன் சத்தியத்தை நம்பியதால்தான் அவரை நம்பவில்லை என்பதும் தெரியாது. கைப்பிடியை விட்டார். சட்டைக்குள் கையை விட்டு உறையை எடுத்தார். உறை வியர்வையில் நனைந்திருந்தது.

"சார் தொலைக்கல டீச்சரம்மா" என்றார். "எங்கிட்டதான் இருந்துச்சு."

டீச்சர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உறைக்குள்ளிருந்த தாளைப் பார்த்தார். மகளின் பெயரை விரலால் ஒரு தடவை தடவினார்.

"எட்டு வருஷமாவா?"

"சத்தியம் பண்ணும்போது எனக்குத் தெரியாது. ரெண்டு நா கழிச்சுக் கெடச்சுது. சுருட்டி வச்ச காலண்டருக்குள்ள இருந்துச்சு. கொண்டாந்தா கள்ளன்னு சொல்லுவாவன்னு பயந்துட்டேன். பொறவு… பொறவு வெக்கமாப் போச்சு."

"காலண்டரா?" டீச்சர் குரல் இறங்கிப்போனது. "பசங்களெல்லாம் சேர்ந்து எடுத்த போட்டோ போட்ட ஸ்கூல் காலண்டர்?"

"ஆமா."

"அது நான் பத்திரப்படுத்தினதாக்கும். கசங்காம இருக்கட்டும்னு சுருட்டி அதுக்குள்ள சர்ட்டிபிகேட்டை வெச்சதும் நான்தான். அதை மறந்துபோய்க் கட்டுல தூக்கிப் போட்டதும் நான்தான்." அவர் செல்லப்பாவிடம் சொல்லவில்லை. மிளகாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. க்ஷமிக்கணம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வாரமாக அதை வைத்துக்கொண்டு ஊர்வலம் போனவர் இப்போது எந்த முகத்தோடு அதைச் சொல்வார்? "நான் செஞ்சது தப்பு" என்றார். அதற்கு மேல் அவருக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. டீச்சர் தாளை உறையிலிருந்து முழுக்க வெளியே எடுத்து, "தன்யா இன்னிக்குத் திருப்பூணித்துறையிலேந்து வரா. ஒண்ணரைக்கு வந்துடுவா. அவகிட்ட இதை நீயே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேற ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியது இருக்கு" என்றார்.

சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல் வழியாகச் செல்லப்பாவுக்குத் தெரிந்தது. டீச்சர் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெங்கிடராமன் பேப்பரைத் தாழ்த்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்ன என்பது போலப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முப்பத்தோரு வருஷம் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவர் தாளை மட்டும் அவர் மடியில் வைத்தார். செல்லப்பா கண்ணை எடுத்துக்கொண்டார்.

மணி பதினொன்று ஆகவில்லை. கேட் திறந்துதான் கிடந்தது. சந்தில் யாரும் இல்லை. பனையப்பள்ளி முழுக்கப் பாக்கி இருந்தது, போனால் தடுப்பாரும் இல்லை. சந்து ஓடைப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு, ஓரமாக நகர்த்திக் கையை விட்டதும் வண்டி தானாகவே வெளியே போகிற திசையில் மெல்ல உருள ஆரம்பித்தது. செல்லப்பா அதை எட்டிப் பிடித்து நிறுத்தினார். ஓடை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் அழுத்திவிட்டார்.